கடன் வாங்க வழி சொல்கிறீர்கள், கட்டுவதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் மாதங்களில் எல்லா நாளிதழ்களும் கல்விக்கடன் பற்றி எழுதுகின்றன. எந்த வங்கிக்குப் போவது, என்னென்ன சான்றிதழ் எடுத்துப் போவது, எவ்வளவு தொகை வரை சொத்துப் பிணை கேட்கமாட்டார்கள் என்று கடன் வாங்கும் பாதி முழுமையாக வருகிறது. கட்டும் பாதி வருவதில்லை. வந்தாலும், "படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கட்டத் தொடங்கினால் போதும், அதுவரை வட்டியை அரசு பார்த்துக்கொள்ளும்" என்ற அளவில் நின்றுவிடுகிறது. இது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தின்படி வங்கி கொடுக்கும் கடனுக்கும், அதிலும் வருமான வரம்புக்குள் வருகிற குடும்பத்துக்கும் மட்டுமே பொருந்தும். வெளிநாட்டு மேற்படிப்புக்கும் சுயநிதிக் கல்லூரிகளின் பெரிய கட்டணத்துக்கும் பல குடும்பங்கள் இன்று போய் நிற்பது வங்கிசாரா நிதி நிறுவனங்களின் வாசலில். வங்கிக் கடனுக்கான ஆலோசனையைக் கேட்டுவிட்டுத் தனியார் நிறுவனக் கடனை நடத்தினால், முதல் தவணைக்கு முன்பே பல லட்சம் கை நழுவிவிடும்.

வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுமுறை. அந்தக் காலத்தில் தனிவட்டிதான் கணக்கிட வேண்டும். திருப்பிச் செலுத்த 15 ஆண்டு வரை அவகாசம் உண்டு. 7.5 லட்சம் ரூபாய் வரை அரசின் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ்ப் பிணையில்லாமல் கிடைக்கும். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கான மத்திய அரசின் வட்டி மானியமும், 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் வங்கிக் கடனுக்கே உரியவை. நிதி நிறுவனக் கடனில் இவை எதுவும் தானாக வராது. தவணை விடுமுறை எத்தனை மாதம், அந்தக் காலத்தில் வட்டியை எப்படிச் சேர்ப்பார்கள், எதை அடிப்படையாக வைத்து வட்டி ஏறும் இறங்கும் என்பதெல்லாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ளபடிதான். எனவே கடன் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் முதலில் ஒப்பந்தத்தையும் ஒப்புதல் கடிதத்தையும் வெளியே எடுக்க வேண்டும். 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் என்றால், முக்கிய விவரங்கள் அடங்கிய சுருக்கத் தாள் ஒன்றும் கட்டாயம் தந்திருப்பார்கள். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். விளம்பரத்தில் பார்த்த வட்டியை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

படிக்கும் காலத்து வட்டிதான் பெரிய ஓட்டை. 20 லட்சம் ரூபாய், 12 விழுக்காடு வட்டி, இரண்டாண்டுப் படிப்பு, அதன்பின் ஆறு மாதம் விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். முழுத்தொகையும் முதல் நாளே விடுவிக்கப்பட்டதாகக் கொண்டால் மாத வட்டி 20,000 ரூபாய். 30 மாதத்தில் தனிவட்டியாக 6 லட்சம். ஒன்றும் கட்டாமல் விட்டால் தவணை தொடங்கும் நாளில் அசல் 26 லட்சமாக நிற்கும். ஒப்பந்தத்தில் வட்டியை மாதந்தோறும் அசலில் ஏற்றலாம் என்றிருந்தால் அது ஏறத்தாழ 26 லட்சத்து 96 ஆயிரம். 26 லட்சத்துக்குப் பத்தாண்டுத் தவணை மாதம் 37,302 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டி அசலை 20 லட்சத்திலேயே நிறுத்தியிருந்தால் 28,694 ரூபாய். மாதத்துக்கு 8,608 ரூபாய் வித்தியாசம். 120 மாதத்துக்குக் கூட்டினால் 10 லட்சத்து 33 ஆயிரம். அதாவது படிக்கும்போது கட்டாமல் விட்ட 6 லட்சத்துக்குப் பிறகு 10 லட்சத்துக்கு மேல் கட்டுகிறோம்.

"அதற்கெல்லாம் எங்கே போவது, கட்ட முடிந்தால் கடனே வாங்கியிருக்க மாட்டோமே" என்று கேட்பார்கள். நியாயம்தான். முழு வட்டியும் முடியாவிட்டால் மாதம் 5,000 கட்டினாலும் 30 மாதத்தில் ஒன்றரை லட்சம் அசலில் ஏறாமல் நிற்கும். பல நிறுவனங்கள் பகுதி வட்டி கட்டும் வசதியைத் தொடக்கத்திலேயே வைத்திருக்கின்றன. ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் எழுதிக் கேட்கலாம். வங்கிக் கடனில், படிக்கும் காலத்தில் வட்டியை ஒழுங்காகக் கட்டினால் ஒரு விழுக்காடு சலுகை தரலாம் என்று மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. கிளையில் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் கிடைக்கும்.

இதற்குள் ஒரு வரிக் கண்ணி உண்டு. வருமான வரியில் 80-இ பிரிவு என்று எல்லோரும் அறிந்த சலுகையின்படி கல்விக்கடன் வட்டி முழுவதையும் வருமானத்திலிருந்து கழிக்கலாம், உச்ச வரம்பு கிடையாது. ஆனால் வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டையும் சேர்த்து எட்டு ஆண்டுகளுக்குத்தான். படிக்கும்போதே பிள்ளை பெயரில் வட்டி கட்டத் தொடங்கினால் அன்றிலிருந்தே அந்த எட்டு ஆண்டு ஓடத் தொடங்கும். அப்போது பிள்ளைக்கு வருமானமே இருக்காது, சலுகை வீணாகும். இணைக் கடன்தாரரான தந்தையோ தாயோ தம் வரிக்குட்பட்ட வருமானத்திலிருந்து, தம் கணக்கிலிருந்தே கட்டினால் அவர்கள் கழித்துக்கொள்ளலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது. புதிய முறைக்கு மாறியவர்களுக்குக் கழிவே கிடையாது. அசலுக்கும் கிடையாது. மாமாவிடமோ நண்பரிடமோ வாங்கிய கைமாற்றுக்கும் கிடையாது. கடன் கொடுத்த நிறுவனம் இந்தச் சலுகைக்கு அறிவிக்கப்பட்டதா என்பதை வட்டிச் சான்று வாங்கும்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மாணவரின் செமஸ்டருக்கு ஏற்பத் தொகை பகுதி பகுதியாக விடுவிக்கப்படும்போது, விடுவித்த தொகைக்கு, விடுவித்த நாளிலிருந்துதான் வட்டி. கடன் ஒப்புதலான நாளிலிருந்தோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்தோ வட்டி போடும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் கண்டித்து, அப்படி வசூலித்ததைத் திருப்பித் தரச் சொன்னது. கணக்கு அறிக்கையில் ஒவ்வொரு விடுவிப்புத் தேதியையும் கல்லூரியின் ரசீதுத் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உதவித்தொகை கிடைத்துவிட்டால் அடுத்த பகுதியை விடுவிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். ஒப்புதலாகிவிட்டதே என்று எடுத்து வைத்துக்கொள்ளும் பணத்துக்கும் வட்டி ஓடும்.

இனி வட்டி விகிதம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டிச் சில்லறைக் கடன்களை ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் விகிதம்) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும். நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை தாமே நிர்ணயிக்கும் அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்கின்றன. 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50-இலிருந்து படிப்படியாக 5.25 விழுக்காட்டுக்கு இறக்கியது. வங்கிக் கடன்காரருக்கு அது வந்து சேர்ந்தது. தனியார் நிறுவனத்தில் வாங்கியவருக்கு வந்து சேர்ந்ததா என்பது அந்தந்த நிறுவனத்தின் மனம். புதிதாக வருபவருக்குக் குறைந்த வட்டியும் பழையவருக்குப் பழைய வட்டியும் போடுவது வழக்கம். இன்றைய விகிதத்துக்கு மாற்றித் தருமாறு கேட்டால் ஒரு சிறு மாற்றுக் கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருவார்கள். கேட்கும்போது கையில் இன்னொரு வங்கியின் எழுத்துமூலமான விகிதம் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

வட்டி ஏறும்போது நடப்பது இன்னும் மோசம். தவணைத் தொகையைத் தொடாமல் மாதங்களை மட்டும் நீட்டிவிடுவார்கள், கடன்காரருக்குத் தெரியவே தெரியாது. 20 லட்சம், 11 விழுக்காடு, பத்தாண்டு என்றால் தவணை 27,550. விகிதம் 12 ஆகி, தவணை அதே 27,550 என்று நின்றால் 120 மாதம் 130 மாதமாகிவிடும். பத்துத் தவணை கூடுதல், அதாவது இரண்டே முக்கால் லட்சம். 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி இதற்கு முட்டுக்கட்டை போட்டது. விகிதம் மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்ற தேர்வைக் கடன்காரருக்குத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு விகிதம் ஆகியவை அடங்கிய அறிக்கையும் தர வேண்டும். இது வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் பொது. கல்விக்கடன் தனிநபர் கடன் என்ற வகைக்குள் வருவதால் இதற்கும் பொருந்தும். அந்த அறிக்கையில் பார்க்க வேண்டிய ஒரே எண் மீதித் தவணைகளின் எண்ணிக்கை. சென்ற காலாண்டைவிட மூன்று குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் எங்கோ நீட்டியிருக்கிறார்கள்.

கூடுதல் பணம் கிடைத்தால் முன்கூட்டிக் கட்டுவது எல்லோருக்கும் தெரிந்த யோசனை. அதை எப்படிக் கட்டுவது என்பதில்தான் தவறுகிறார்கள். 20 லட்சம், 12 விழுக்காட்டுக் கடனின் முதல் தவணை 28,694-இல் வட்டி மட்டும் 20,000. அசலில் கழிவது 8,694. ஆரம்ப ஆண்டுகளில் கட்டும் உபரிப் பணத்துக்குத்தான் பலம் அதிகம். மேலே சொன்ன 20 லட்சம், 12 விழுக்காடு கணக்கில் ஓராண்டு முடிந்ததும் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால் மீதமுள்ள 108 தவணையில் ஏறத்தாழ பத்து குறைகிறது, மிச்சமாகும் வட்டி 1 லட்சத்து 80 ஆயிரம். அதே ஒரு லட்சத்தைக் கட்டிவிட்டுக் காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால் மாதம் 1,518 ரூபாய் குறையும், மிச்சமாகும் வட்டி சுமார் 64 ஆயிரம்தான். அதே பணம், அதே நாள். மாதச் செலவு நெருக்கடியில் இருப்பவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதில் குற்றமில்லை, தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அதுதான் ஏமாற்றம். எதுவும் சொல்லாமல் செயலி வழியாகப் பணத்தை அனுப்பிவிட்டால் அதை முன்கூட்டிய தவணையாக ஒதுக்கி வைத்து, மாதாமாதம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. அசல் குறையாது, வட்டியும் குறையாது. எனவே கட்டும் நாளிலேயே மின்னஞ்சல் ஒன்று போக வேண்டும். "என் கடன் கணக்கில் இன்று செலுத்திய ரூ.1,00,000-ஐ முன்கூட்டிய தவணையாக வைக்காமல் அசலில் கழிக்கவும். தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும். திருத்திய தவணை அட்டவணையை அனுப்பவும்." இந்த மூன்று வாக்கியம் போதும். அட்டவணை வந்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடனுக்கு, அது தொழிலுக்காக வாங்கியதாக இல்லாவிட்டால், முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் வசூலிக்கக் கூடாது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தில் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று கடன் இருந்தால் வட்டி அதிகமானதில் உபரியைப் போடுங்கள். சின்னக் கடனை முடித்துவிட்டோம் என்ற திருப்திக்காக 9 விழுக்காட்டுக் கடனை அடைத்துவிட்டு 13 விழுக்காட்டை வைத்திருப்பவர்கள் நிறைய.

நிதி நிறுவனத்திலிருந்து வங்கிக்குக் கடனை மாற்றுவது, வட்டி இரண்டு விழுக்காடாவது குறைந்து, காலமும் பாதிக்கு மேல் மீதமிருந்தால் யோசிக்கத்தக்கது. ஆனால் புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணம், சொத்துப் பிணை இருந்தால் வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், அடமானப் பதிவுச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மீதியிருந்த 7 ஆண்டைப் புதிய வங்கி 10 ஆண்டாக்கித் தவணையைக் குறைத்துக் காட்டினால் அதில் மயங்கக் கூடாது. கடன் வாங்கும்போதே ஒற்றைப் பிரீமியக் காப்பீடு ஒன்றைக் கடனோடு சேர்த்திருப்பார்கள், அதற்கும் சேர்த்துத்தான் வட்டி கட்டிவருகிறீர்கள். கடனை மாற்றும்போதும் முடிக்கும்போதும் அந்தக் காப்பீட்டில் திரும்பக் கிடைக்கும் தொகை எவ்வளவு என்று கேளுங்கள்.

நகைக்கடன் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டி குறைவு என்பதற்காக வீட்டு நகையை வங்கியில் வைத்துக் கல்விக்கடனின் ஒரு பகுதியை அடைப்பது கணக்குப்படி சரியாக வரலாம். ஓராண்டில் மீட்க வழி இருந்தால் மட்டும் செய்யுங்கள். மாதத் தவணை கட்டுவதற்காகவே நகையை வைப்பதும், செயலிக் கடன் எடுப்பதும் வேறு விஷயம், அதை முடிந்தவரை தடுத்துச் சொல்ல வேண்டும்.

தவணை தவறும் இடத்துக்கு வருகிறேன். பெரும்பாலான குடும்பங்களில் முதல் தவறல் பணமில்லாமல் நடப்பதில்லை. சம்பளம் ஏழாம் தேதி, கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் தானியங்கிப் பற்று ஐந்தாம் தேதி, இப்படித்தான் நடக்கிறது. தேதியை மாற்ற எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றும்போது கணக்கு எண் மாறினால் பழைய பற்று ஆணை செல்லாது, தவணை திரும்பிவிடும். மாற்றுவதற்கு முன்பே புதிய ஆணையைப் பதிவுசெய்ய வேண்டும். அமெரிக்காவில் படித்து முடித்தவர்களுக்கு வேலைப் பயிற்சி அனுமதிக் காலத்தில் மொத்தம் 90 நாள் வரைதான் வேலையில்லாமல் இருக்கலாம். ஆறு மாதத் தவணை விடுமுறையும் வேலை தேடலும் ஒரே நேரத்தில் ஓடும். குறைந்தது மூன்று தவணைக்கான தொகையைப் படிப்பு முடிவதற்குள் கணக்கில் சேர்த்து வைப்பது அந்தப் பதற்றத்தைக் குறைக்கும். பற்று திரும்பினால் உங்கள் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் என இரண்டு அடி. கணக்கில் போதிய பணமில்லாமல் திரும்பி, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாவிட்டால் 2007-ஆம் ஆண்டுப் பணப்பரிவர்த்தனை அமைப்புகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் காசோலை திரும்பியதற்குச் சமமான குற்றமும் ஆகும்.

ஒரே ஒரு தவணை தவறி, அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காகக் கட்டிவரும் பலர், "நான்தான் மாதாமாதம் கட்டுகிறேனே, சிபில் மதிப்பெண் ஏன் இறங்குகிறது" என்று கேட்கிறார்கள். காரணம் எளிது. வருகிற பணம் மிகப் பழைய நிலுவைக்கே முதலில் போகும். மார்ச் தவணை தவறினால் ஏப்ரலில் கட்டியது மார்ச்சுக்கு, மே மாதம் கட்டியது ஏப்ரலுக்கு. ஆக, ஆண்டு முழுவதும் ஒரு மாதம் பாக்கி என்றே கணக்கில் நிற்கும், ஒவ்வொரு மாதமும் அப்படியே பதிவாகும். தவறிய ஒரு தவணையைக் கட்டணத்தோடு சேர்த்துத் தனியாக அடைத்தால்தான் இது நிற்கும். 2024 ஏப்ரலுக்குப் பிறகு அபராத வட்டி போடக் கூடாது, அபராதக் கட்டணம் மட்டுமே. அதையும் அசலில் சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது. கணக்கு அறிக்கையில் இந்த இரண்டையும் பாருங்கள்.

நிலுவை 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு தவணை கட்டிப் பயனில்லை. 2021 நவம்பர் விளக்கத்தின்படி அசல், வட்டி என எல்லா நிலுவையும் தீர்ந்தால்தான் கணக்கு மீண்டும் நல்ல கணக்காகும். எனவே வேலை போனது தெரிந்த வாரத்திலேயே, முதல் தவணை தவறுவதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுத வேண்டும். பணிநீக்கக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாதத்துக்கு என்பதை எழுதிக் கொடுங்கள். "கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்ற கோரிக்கைக்குப் பதிலே வராது. "ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டுகிறேன், ஏழாம் மாதத்திலிருந்து முழுத் தவணை" என்றால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். வங்கிக் கடனில் வேலையில்லாக் காலத்துக்காகக் கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணை விடுமுறை தரவும், முதலில் குறைவாகவும் பிறகு கூடுதலாகவும் கட்டும் ஏணித் தவணைக்கும் மாதிரித் திட்டம் இடம் தருகிறது. நிதி நிறுவனத்துக்குக் கட்டாயமில்லை, ஆனால் அதன் கொள்கையில் இருக்கக்கூடும். மறுசீரமைப்பு என்ற பெயரில் செய்தால் கடன் வரலாற்றில் அது பதிவாகும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். ஒரே தவணையில் குறைத்து முடிக்கும் சமரசத்துக்கும் இதே எச்சரிக்கை. அறிக்கையில் 'முடிந்தது' என்று வராமல் 'சமரசம்' என்று வரும். பிறகு வீட்டுக்கடன் கேட்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெற்றோர் இணைக் கடன்தாரர் என்பதால் அவர்களுடைய அறிக்கையிலும் அதே சொல் ஏறும். ஜாமீன் போட்டவரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு. தேர்தலில் தள்ளுபடி வரும் என்று காத்திருந்து கட்டாமல் விடுபவர்களுக்கும் இது பொருந்தும். அறிவிப்பு வந்தாலும் தனியார் நிறுவனக் கடன் அதில் அடங்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. உறவினருக்கும் நண்பருக்கும் போன் போட்டு அவமானப்படுத்தக் கூடாது. நடந்தால் அழைப்புப் பதிவோடு முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் முறையிடலாம், கட்டணமில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முதல் படியைத் தாண்டாமல் நேரே அங்கே போனால் மனு திரும்பிவிடும், பலருக்கும் நடப்பது இதுதான். வீடோ மனையோ பிணையாக இருந்து, நீதிமன்றம் போகாமலே பிணைச் சொத்தை எடுக்க இடம்தரும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வந்தால், அதைப் பிரிக்காமல் வைப்பதைவிடப் பெரிய தவறு இல்லை. ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும், அந்த இடைவெளியில் பேச வழியுண்டு.

கடைசித் தவணை கட்டியதும் நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கிவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பற்று ஆணையை ரத்து செய்ய வேண்டும், கொடுத்த காசோலைகளைத் திரும்பப் பெற வேண்டும். சொத்து ஆவணங்களை 30 நாளுக்குள் தராவிட்டால், தாமதம் நிறுவனத்தால் ஏற்பட்டதென்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. அடமானம் பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்தது தெரியும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பல ஆண்டு கழித்து வீட்டை விற்கும் நாளில் தேடிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தருகின்றன. பிழையைச் சுட்டிக்காட்டி 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்வி வழிகாட்டிப் பக்கத்தில் வங்கிக் கடனையும் நிதி நிறுவனக் கடனையும் ஒரே தலைப்பில் கலக்காமல், தவணை விடுமுறை, படிப்புக் கால வட்டி, விகித அடிப்படை, மானியம் என்ற நான்கு வரிசையில் அருகருகே வைத்து அச்சிடுங்கள். ரிசர்வ் வங்கிக்கும் ஒன்று. வங்கிகளின் சில்லறைக் கடன் வட்டியை வெளி அளவுகோலோடு கட்டிப்போட்டது போல நிதி நிறுவனங்களின் கல்விக்கடனையும் கட்டிப்போட வேண்டும். படிக்கும் காலத்தில் எல்லோருக்கும் தனிவட்டி என்பதையும் விதியாக்க வேண்டும்.

இப்படிக்கு,
கல்விக்கடன் கணக்குகளை அறிந்த வாசகர்